ஐந்து வருசத்துக் கேதம்

நல்லகாமன் அமெரிக்காவுக்குக் குடிபோகிறார் என்ற செய்தி செக்கானூரணி டீக்கடைகளில் பரவியது. பரப்பியவர் நல்லகாமனேதான், வேறு யாரும் அதற்கு மெனக்கெடவில்லை. 1998 வைகாசியில் போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றிருந்தார். முப்பது வருசத்துக்கு மேல் மதுரை - உசிலம்பட்டி ரோட்டில் பஸ்ஸை மறித்து ஏறித் தலையை எண்ணியவர். எண்ணிய தலைக்கும் கிழித்த டிக்கெட்டுக்கும் ஒன்று உதைத்தால் அந்த ஒருவனைப் பிடித்து இறக்கி அபராதம் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பார்த்த ஆள் இல்லை. அதனால் ஊரில் அவருக்கு மரியாதை உண்டு, கூட்டாளி கம்மி.

மகன் முத்துப்பாண்டி அமெரிக்காவில் பதிமூன்று வருசமாக இருந்து, அந்த நாட்டுக் குடிமகனும் ஆகி, அப்பன் ஆத்தாளுக்குப் பச்சை அட்டை வாங்கிவிட்டான். நல்லகாமனுக்குத் தலைகால் புரியவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சொந்த ஊரான பூசாரிபட்டிக்குப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டு வந்தார்.

“இங்க என்னய்யா இருக்கு? வாரத்துக்கு ரெண்டு கேதம், மாசத்துக்கு நாலு காதுகுத்து. எழவு வீட்டுக்கும் விசேச வீட்டுக்கும் ஓடியே ஆயுசுல பாதி போச்சு. அங்கிட்டுப் போயிட்டா ஒரு பய தொல்லை கிடையாது. ஓய்வுன்னா அதுதேன்யா ஓய்வு” என்றார்.

கேட்டவர்கள் “ஆமாண்ணே, ஆமாண்ணே” என்று தலையாட்டினார்கள். பூசாரிபட்டியில் ஒருவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தலையை ஆட்டினால் அவன் மனசுக்குள் எதையோ குறித்துக்கொள்கிறான் என்று அர்த்தம். செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு அது தெரியாமல் போனதுதான் கூத்து.

மகன் வீடு ஒஹையோ மாநிலத்தில் இருந்தது. அரண்மனை மாதிரி வீடு, அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் வாசலைத் தாண்டினால் போக ஓர் இடம் இல்லை. கார் ஓட்டத் தெரியாதவன் அந்த ஊரில் கால் இல்லாதவன். பஸ் என்று ஒன்று எங்கோ போவதாக மகன் சொன்னான். ஐந்து வருசத்தில் நல்லகாமன் அதை நான்கு தடவைதான் கண்ணால் பார்த்தார். நான்கு தடவையும் உள்ளே ஆளே இல்லை. தலை எண்ணியே பிழைத்த மனுசனுக்கு எண்ணுவதற்கு ஒரு தலை கிடைக்காத ஊராகப் போயிற்று.

“கட்டாயம் உடம்பைப் பாத்துக்கங்கப்பா” என்று, இவர்கள் போய் இறங்கிய முதல் வாரமே மகன் சொன்னான். பாசம் என்று நினைத்தார். அப்புறம்தான் விசயம் தெரிந்தது. வயசாளிகளுக்கு அரசாங்கம் தரும் மருத்துவ வசதி இவர்களுக்கு இப்போதைக்குக் கிடையாதாம். அங்கே காய்ச்சலில் செத்தவனைக் காட்டிலும் பில்லைப் பார்த்துச் செத்தவன் அதிகமாம். அன்றிலிருந்து நல்லகாமன் தும்மல் வந்தால்கூடப் பாத்ரூமுக்குள் போய்த் தும்மினார்.

மனைவி சோலையம்மாள் பாடு வேறு. ஓய்வு பெற்றவர் புருசன். அந்த அம்மாளுக்கு அறுபதை எட்டப்போகும் வயசில் வேலை கிடைத்தது. இரண்டு பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து, மருமகள் வரும்போது இட்லி அவித்து வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று ஒருநாள் கேட்டார். மகன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான்.

மாதம் ஒரு தடவை பூசாரிபட்டிக்குப் போன் போடுவார்கள். தங்கச்சி தங்கப்பொண்ணு பக்கத்துக் கடைப் போனில் வந்து நிற்பாள். மழை, விளைச்சல், ஆட்டுக்குட்டி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “அப்பறம்ணே, நம்ம சுருளியோட ஆத்தா போய்ச் சேந்துருச்சு” என்பாள். நல்லகாமன் “அடப்பாவமே” என்பார். போன் கார்டில் நிமிசம் ஓடிக்கொண்டிருக்கும். “சரி, கிணத்துல தண்ணி கிடக்கா?” என்று அடுத்த விசயத்துக்குப் போய்விடுவார். கேதம் அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். பெரிய நிம்மதியாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே துணை வெங்கடரமணன். மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம், சௌராஷ்டிரக் குடும்பம், பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் இந்துப்ரியா வீட்டில் இருந்தார். மதுரையில் இருந்தவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இங்கே ஒரு பெரிய கடைவளாகத்துக்குள், பனிக்குப் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வட்டம் வட்டமாக நடப்பார்கள். சாமான் ஒன்றும் வாங்காமல் தினம் நடக்கிற இரண்டு கிழவர்களைக் காவல்காரன் முதலில் சந்தேகப்பட்டான், அப்புறம் பரிதாபப்பட்டான்.

2003 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை வெங்கடரமணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

நல்லகாமன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். “எங்கப்பா போறீங்க?” என்றான் முத்துப்பாண்டி. “என்னடா கேள்வி, கேதத்துக்கு.” “அது அடுத்த வாரச் சனிக்கிழமைப்பா. பதினொண்ணுலருந்து பதினொண்ணே முக்கால். ஈமெயில் வந்திருக்கு” என்றான் மகன். செத்த மனுசனை ஒன்பது நாள் ஐஸில் வைத்து, எல்லோருக்கும் தோதான நேரம் பார்த்து, பன்னிரண்டு மணிக்கு அடுத்த பிணம் வருவதால் முக்கால் மணிக்குள் காலிசெய்ய வேண்டும் என்று ஏற்பாடு. நல்லகாமன் துண்டை மடித்து வைத்தார்.

சனிக்கிழமை போனார்கள். கம்பளம் விரித்த கூடம். பெட்டிக்குள் வெங்கடரமணன் கோட்டும் டையும் போட்டு, கன்னத்தில் ரோஸ் பவுடர் பூசி, உயிரோடு இருந்ததைவிடத் தெம்பாக இருந்தார். நல்லகாமனுக்குக் கண் தானாகவே எண்ண ஆரம்பித்தது. பதினொரு தலை. பெட்டியில் கிடந்ததையும் சேர்த்தால் பன்னிரண்டு. அதில் மூன்று பேர் அந்தக் கூடத்துச் சம்பளக்காரர்கள்.

மருமகன்காரன் ஓரமாக நின்றிருந்தான். நல்லகாமன் ஊர் வழக்கப்படி இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினார். கேதத்துக்குப் போகிற ஆம்பளை கையை நீட்ட, எழவு கொடுத்தவன் தன் கையால் அதைத் தொட வேண்டும். வாய்ப்பேச்சு எதுவும் வேண்டாம், அந்தத் தொடுதலே ‘உன் துக்கத்தில் எனக்கும் பங்கு’ என்பது. மருமகன் நீட்டிய கைகளைப் பார்த்தான். ஏதோ வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, வலது கையை மட்டும் பிடித்துக் குலுக்கி, வந்ததற்கு நன்றி என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

சோலையம்மாளுக்குத் தாங்கவில்லை. பெட்டி ஓரமாக உட்கார்ந்து இந்துப்ரியாவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கினார். அந்தப் பெண்ணும் அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டி, “அம்மா, அம்மா” என்று கதறியது. உடனே கோட்டுப் போட்ட சம்பளக்காரர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்து, இந்த அம்மாளுக்கு உடம்பு சரியில்லையா, ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டார். ஆம்புலன்ஸ் என்றதும் மகனுக்குப் பில் கண்முன்னே வந்துவிட்டது. “அம்மா, எந்திரிம்மா, எந்திரிம்மா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காரில் ஏற்றினான்.

கார் போய்க்கொண்டிருந்தபோது நல்லகாமனுக்கு நினைப்பு ஊருக்குப் போயிற்று. தெற்கு மாசி வீதியில் அந்த மனுசன் செத்திருந்தால் தெருவையே அடைத்திருப்பார்கள் என்று நினைத்தார். அப்புறம் அடுத்த நினைப்பு வந்தது. எனக்கும் இதே கூடம்தான், இதே ரோஸ் பவுடர்தான், இதே முக்கால் மணி நேரம்தான்.

“நம்ம ஊருக்குப் போயிருவோம்” என்றார் மறுநாள் காலையில்.

“நான் பெட்டியை அடுக்கி ரெண்டு வருசமாச்சு” என்றார் சோலையம்மாள்.

மகன் தடுக்கவில்லை. பிள்ளைகளும் வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள். போய் இருந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் வந்துவிடுங்கள் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். சித்திரையில், வாடகைக்கு இருந்தவர்கள் காலிசெய்துவிட்ட நாகமலை புதுக்கோட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நல்லகாமன் ஒரு கணக்குப் போட்டிருந்தார். ஊரில் இறங்கியவுடன் ஜனம் வந்து மொய்க்கும், இனி சாவு வந்தால் பயமில்லை, ஐந்நூறு கை தொடும். இறங்கி ஒரு மாதம் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. வெயில் அதிகம், அதுதான் வரவில்லை என்று மனைவியிடம் சொன்னார். பிறகு ஒருநாள் பால்காரர் மூலமாகத் தெரிந்தது, பூசாரிபட்டியில் சுருளியின் அப்பா முந்தின நாள் சாயங்காலம் இறந்துவிட்டார் என்று. சுருளி பங்காளி. பங்காளி வீட்டுச் சாவைப் பால்காரர் சொல்லியா தெரிய வேண்டும்? அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஆள் போய்ச் சொல்லியிருக்கிறது. நல்லகாமன் வாசலுக்கு மட்டும் ஆள் வரவில்லை.

“விட்டுப்போயிருக்கும்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பழைய டிவிஎஸ் ஃபிஃப்டியை உதைத்துக் கிளம்பினார்.

பந்தலுக்குள் பங்காளிகள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நல்லகாமன் போய் இரண்டு கையையும் நீட்டினார். சுருளி நிமிர்ந்து பார்த்தான். கையைத் தொடவில்லை. நெஞ்சுக்கு நேரே கும்பிட்டு, “வாங்க, வாங்க. ஏப்பா, அண்ணனுக்கு ஒரு சேர் எடுத்துப் போடுங்கப்பா” என்றான்.

சேர் வந்தது. எழவு வீட்டில் சேர் போடுவது தாசில்தாருக்கும் பேங்க்காரருக்கும்தான். பங்காளி பாயில் உட்காருவான், இல்லாவிட்டால் மண்ணில் உட்காருவான். நல்லகாமன் சேரில் உட்கார்ந்தார். அடுத்தாற்போல் இன்னொருவன் ஓடிப்போய்ச் செக்கானூரணியிலிருந்து சீல் போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிவந்து கையில் கொடுத்தான்.

“நம்ம ஊர்த் தண்ணி ஒங்களுக்கு ஒத்துக்கிறாதுண்ணே” என்றான் கவலையாக.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். உபசாரத்தை என்ன செய்வது? தங்கப்பொண்ணு தனியாகக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னாள். “ஏண்ணே, அவுக ஆத்தா செத்ததுக்கு நீ கேக்கல. வந்து ஒரு மாசமாச்சு, இப்பவாச்சும் கேட்டியா? ஆத்தா கேதத்தைக் கேக்காதவன் அப்பன் கேதத்துக்குக் கை நீட்டினா அவன் எப்பிடித் தொடுவான்? சுருளி மட்டுமில்ல, ஊரே அப்பிடித்தேன் நினைக்குது. எழவுக்கு ஓடி முடியலன்னு சொல்லிட்டுப் போனவருதானே, அவருக்கு எதுக்குச் சொல்லிவிட்டுச் சிரமம் குடுக்கணும்கிறாக.”

“அப்ப எனக்கு ஒண்ணுன்னா?”

தங்கப்பொண்ணு முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

பூசாரிபட்டிக்கும் ஒஹையோவுக்கும் இப்போது என்ன வித்தியாசம்? அங்கே பதினொரு தலையாவது வந்தது. நல்லகாமன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் தங்கப்பொண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த ஐந்து வருசத்தில் செத்தவர்கள் பெயரையெல்லாம் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதினார். பத்தொன்பது பேர். பத்தொன்பது வீட்டுக்கும் நேரில் போய்க் கேதம் கேட்டு முடிப்பது என்று தீர்மானித்தார்.

“ஆறிப்போன புண்ணைப் போய்ச் சொறியப் போறீகளா?” என்றார் சோலையம்மாள்.

“நீயும் வரணும். பொம்பளைக அழுதாத்தான் அது கேதம்.”

“மூணு வருசத்துக்கு முந்திச் செத்ததுக்கு இப்ப நான் எப்பிடிங்க அழுகுறது? கண்ணுல தண்ணி வேணாமா?”

“ஒஹையோவை நெனச்சுக்க” என்றார் நல்லகாமன்.

செவ்வாய் வெள்ளி ஆகாது. மற்ற நாளில் காலையில் ஒரு வீடு, இரண்டு வீடு என்று டிவிஎஸ் ஃபிஃப்டியில் புருசனும் பெண்சாதியும் கேதம் கேட்கப் புறப்பட்டார்கள். முதலில் சுருளி வீடு. அவன் ஆத்தாளுக்கும் அப்பனுக்கும் சேர்த்து ஒரே தவணையில் அழுதார்கள். சுருளி கும்பிட்டபடியே நின்றான். அடுத்த வீட்டில் டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. “செத்த இருங்கண்ணே, விளம்பரம் போட்டுருவான்” என்று உட்காரவைத்து, விளம்பரம் வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, இரண்டு நிமிசம் அழுது முடித்து, மறுபடி சத்தத்தைக் கூட்டினார்கள். மூன்றாவது வீட்டில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் மறு கல்யாணம் முடித்துக் கைக்குழந்தையோடு இருந்தான். “மகராசி, ஒன்னப் போல ஒருத்தி இந்த வீட்டுக்கு இனி வருவாளா!” என்று சோலையம்மாள் வாசலிலேயே எடுத்துவிட, உள்ளேயிருந்து புதுப் பெண்டாட்டி எட்டிப்பார்த்தாள். அந்த வீட்டில் மோர்கூடக் கொடுக்கவில்லை.

ஆனாலும் மனுசர் விடவில்லை. ஒரு வீட்டில் பதினெட்டு வயசு மகளைப் பறிகொடுத்த தாய், யாரும் பேரைக்கூடச் சொல்லாமல் விட்ட பிள்ளையைப் பற்றிக் கேட்க இத்தனை நாள் கழித்தாவது ஒரு ஆள் வந்ததே என்று சோலையம்மாள் மடியில் விழுந்து அழுதது. அன்றைக்கு நல்லகாமனுக்கும் உண்மையிலேயே கண் கலங்கியது. திரும்பி வரும்போது வண்டியை ஓரங்கட்டி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

நோட்டில் பதினான்காவது பெயர் பேயாண்டி.

பூசாரிபட்டியில் பேயாண்டிகள் ஐந்து பேர். தாத்தன் பேரைப் பேரனுக்கு வைத்து வைத்து, தெருவில் நின்று ‘பேயாண்டி’ என்று கூப்பிட்டால் நாலு வாசலில் திரும்பிப் பார்ப்பார்கள். இன்ன தோட்டத்துப் பேயாண்டி, இன்னார் மகன் பேயாண்டி என்று அடைமொழி சேர்த்துச் சொல்வதுதான் ஊர் வழக்கம். தங்கப்பொண்ணு சொல்லும்போது அடைமொழியோடுதான் சொன்னாள். நல்லகாமன் வேகமாக எழுதும்போது பேரை மட்டும் எழுதிக்கொண்டார். ஊரை விட்டுப் போகாதவன் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

பேயாண்டி என்றதும் அவருக்கு நினைவில் வந்தது ஒரே பேயாண்டிதான். சோலையம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், கொத்தனார் வேலை. எண்பத்தேழில் ஒருநாள் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்த அந்த மச்சினனை நாற்பது பேர் பார்க்கப் பஸ்ஸை விட்டு இறக்கி அபராதம் போட்டவர் நல்லகாமன். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சமாதானம் ஆகாமலே போய்விட்டானே என்ற குறுகுறுப்பு வேறு சேர்ந்துகொண்டது. அதனால் மற்ற வீட்டைக் காட்டிலும் இங்கே கொஞ்சம் தாராளமாகவே அழுவது என்று முடிவு பண்ணினார்.

வாசலில் வண்டியை நிறுத்தித் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, “ஏ மாப்ள பேயாண்டி! ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டியேடா! ரெண்டு ரூவா டிக்கெட்டுக்கு ஒன்ன நடுரோட்டுல இறக்கிவிட்ட பாவி வந்திருக்கேன்டா!” என்று கத்தினார். சோலையம்மாள் “எங்கூடப் பொறந்த பொறப்பே!” என்று மாரில் அடித்துக்கொண்டு முற்றத்தில் விழுந்தார்.

கொல்லைப்புறத்திலிருந்து பல்பொடி ஒழுகும் வாயோடு பேயாண்டி வந்து நின்றார்.

தெரு கூடிவிட்டது. ஆத்தாடி, உசிரோடு இருக்கிற மனுசனுக்கு ஒப்பாரி வைத்துவிட்டார்களே என்று பொம்பளைகள் வாயில் கை வைத்தார்கள். நல்லகாமன் தலையிலிருந்த துண்டை எடுக்கவும் தோன்றாமல் நின்றார். செத்தது அரிசி மில்லில் வேலை பார்த்த பேயாண்டி என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சோலையம்மாள் எழுந்து, பேயாண்டியின் கையையும் காலையும் தடவிப் பார்த்து, “அண்ணே, நல்லாத்தேன் இருக்கியா?” என்று கேட்டுவிட்டு, புருசன் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதை இங்கே எழுத முடியாது.

பேயாண்டி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவர் முற்றத்தில் ஒரு பாயை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இந்த மனுசன் என் கேதத்துக்கு வர மாட்டான்னு பதினாறு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன். வந்துட்டான்யா. நான் நெசமாப் போறன்னைக்கு எந்த நாட்டுல இருப்பானோ, யாரு கண்டா? நீட்டுய்யா கையை. என் கேதத்தை நானே வாங்கிக்கிறேன்” என்றார்.

நல்லகாமன் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். பேயாண்டி தன் காய்ப்பேறிய இரண்டு கையாலும் அவற்றை அழுத்தித் தொட்டார். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நல்லகாமன் அந்தக் கைகளைப் பிடித்தபடியே தேம்பித் தேம்பி அழுதார். இந்த ஐந்து வருசத்தில் அவர் கையை அப்படி யாரும் தொட்டதில்லை.

“அழுகாதய்யா. செத்த நானே சும்மா இருக்கேன்” என்றார் பேயாண்டி.

அந்தக் கதை செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி வரைக்கும் போயிற்று. உயிரோடு இருந்தவனுக்கே வந்து அழுதவன், செத்தவனுக்கு வராமல் இருப்பானா என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆடிக் கடைசியில் ஒரு நண்பகல், நாகமலை புதுக்கோட்டை வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு ஆள் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. “பூசாரிபட்டியில சின்னான் தவறிப்போனாக. நாளைக்குக் காலையில எடுக்குறாக” என்று சொல்லிவிட்டு, ‘வாரேன்’ என்று சொல்லாமல் திரும்பி நடந்தார். கேதம் சொல்ல வந்தவர் அப்படித்தான் போக வேண்டும். நல்லகாமன் உள்ளே ஓடி, “சோலை! நமக்குச் சொல்லிவிட்டுருக்காகடி!” என்றார். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டான். செத்துப்போன சின்னானுக்கு இது தெரிந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

சின்னான் வீட்டில் சேர் வரவில்லை. பங்காளி வரிசையில் பாயில் இடம் விட்டார்கள். சுருளி நகர்ந்து உட்கார்ந்தான். அன்றைக்கு நல்லகாமன் வந்தவர்களை எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனை பேரும் வரிசையாகக் கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். முதலில் சின்னான் மகன் தொட்டான், அப்புறம் பங்காளிகள் ஒவ்வொருவராகத் தொட்டார்கள்.

அதன்பிறகு பேயாண்டி வாரம் ஒருமுறை வந்துபோக ஆரம்பித்தார். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோலையம்மாள் ஊற்றிய காபியைக் குடித்துக்கொண்டிருந்தபோது நல்லகாமனுக்குப் பெருமை பொங்கியது.

“மாப்ள, இப்ப நான் போனேன்னு வையி. நம்மூரு, கருமாத்தூரு, ஒங்க ஆளுக, எல்லாம் சேத்து ஐந்நூறு தலை வருமா வராதா?”

“வரும். தாராளமா வரும்” என்றார் பேயாண்டி.

“அது போதும்யா எனக்கு.”

பேயாண்டி டம்ளரைக் கீழே வைத்தார். கேலி பண்ணுகிற முகமாக இல்லை. “ஐந்நூறு பேரும் கையை நீட்டிக்கிட்டு வருவாக. பங்காளிக வரிசையா உக்காந்திருப்பாக. அதெல்லாஞ் சரி. மொதக் கை மகன் கையில்லையா? அந்த எடத்துல யாரு உக்காருறது?” என்றார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பேயாண்டிக்கும் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். பேச்சை மாற்றி, மழை இந்த வருசம் பரவாயில்லை என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் பண்ணும் நாள். மணி அடித்ததும் சோலையம்மாள் எடுக்க வந்தார். நல்லகாமன் முந்திக்கொண்டார். பேரப்பிள்ளைகளை விசாரிக்கவில்லை, பனி விழுகிறதா என்று கேட்கவில்லை.

“ஏப்பா முத்துப்பாண்டி, எனக்கு ஒண்ணுன்னா நீ வருவியாப்பா?”

“என்னப்பா இப்பிடிக் கேக்குறீங்க? உடம்புக்கு என்ன? டாக்டரப் பாத்தீங்களா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. சும்மாதேன் கேக்கறேன். வருவியா?”

“கண்டிப்பா வருவேம்ப்பா. இதென்ன கேள்வி?” என்றான் மகன். நல்ல பிள்ளைதான், அதில் சந்தேகமே இல்லை. “ஆனா ஒரு ரெண்டு மூணு வாரத்துக்கு முந்தியே சொல்லிருங்கப்பா. லீவு போடணும், டிக்கெட் எடுக்கணும்ல. திடீர்னு சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“சரிப்பா. சொல்லிர்றேன்” என்றார் நல்லகாமன்.

ரிசீவரை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்தார். சோலையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன சொன்னான்?”

“வாரேன்னு சொல்லிட்டான்” என்றார்.